வந்தவாசிப் பாயும் 'வாந்தவாஷி'ப் போரும்

எங்கள் வீட்டில் நான் சிறுவனாக இருந்த காலத்தில் படுக்கை என்றால் கோரைப்பாய்தான். வருடத்துக்கு ஒருமுறை தலைச்சுமையாகப் பாய்க்கட்டு தூக்கிக்கொண்டு ஒரு வியாபாரி எங்கள் தெருவுக்கு வருவார். "வந்தவாசிப் பாய்ம்மா, கையில தொட்டுப் பாருங்க" என்பார். அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்பார்.

அதே வருடங்களில் பிரெஞ்சுப் பள்ளியில் 'வாந்தவாஷி' என்ற ஊரைப் பற்றியும் படித்துக்கொண்டிருந்தேன். பாரீஸில் அச்சான புத்தகம். 1759இல் கனடாவில் கெபெக் போயிற்று, 1760இல் வாந்தவாஷியில் தோற்றோம், 1761இல் பொந்திஷேரி போயிற்று என்று சோகமாக எழுதியிருக்கும். கோல் இனத்தாரே நம் முன்னோர் என்று ஒப்பித்த தலைமுறை அல்லவா நாங்கள்! வாந்தவாஷி ஏதோ கடல் கடந்த பனிப் பிரதேசம் என்றுதான் நினைத்திருந்தேன். அது எங்கள் வீட்டுப் பாய் வந்த ஊர் என்பது, அரசு வேலையில் சேர்ந்து, திண்டிவனம் பேருந்து நிலையத்தில் 'வந்தவாசி' என்ற பலகையைப் பார்த்து நின்ற ஒரு நாளில்தான் உறைத்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

உறைத்ததே தவிர, போய்ப் பார்க்கவில்லை. எழுபத்தைந்து கிலோமீட்டர் தூரம்தான். பக்கத்து ஊர்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று நினைத்த இடங்களுக்கு நாம் போவதே இல்லை. ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

போகவைத்தது ஒரு பையன். என் பெரியப்பா மகனின் பேரன். பாரீஸுக்கு வெளியே ஒரு புறநகரில் பிறந்து வளர்ந்தவன், பன்னிரண்டு வயது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவனும் அவன் அம்மாவும் வந்திருந்தார்கள். அவள் என்னைச் சித்தப்பா என்பாள். அவன் தாத்தா என்பான், அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில். மற்றதெல்லாம் பிரெஞ்சு. நான் பதில் சொன்னால் சிரிப்பான். என் பிரெஞ்சு புத்தகம் பேசுவதுபோல் இருக்கிறதாம்.

ஒரு நாள் கடற்கரைப் பக்கம் நடந்தபோது லாலி தொலாந்தால் வீதிப் பலகையைப் படித்துவிட்டு, "இவர் யார் தாத்தா?" என்றான். இன்றைய லால் பகதூர் சாஸ்திரி வீதிக்குப் பழைய பெயர் புஸ்ஸி வீதி என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "இந்த லாலியும் அந்த புஸ்ஸியும் சேர்ந்து ஒரே நாளில் தோற்ற இடம் பக்கத்தில் இருக்கிறது, பார்க்கிறாயா?" என்றேன். அப்படித்தான் ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள், வேன் பிடித்து, நாங்கள் ஏழு பேர் புறப்பட்டோம்: நான், என் மனைவி, மகன், மருமகள், பத்தாம் வகுப்பு படிக்கும் பேரன், பிரான்சிலிருந்து வந்த இருவர். புளியோதரை, தயிர்சாதம், வடகத் துவையல் எல்லாம் தூக்குச்சட்டிகளில்.

திண்டிவனம் தாண்டி, வெள்ளிமேடுப்பேட்டை வழியாக, இரு பக்கமும் நெல் வயல். என் பேரன் முன்கூட்டியே எச்சரித்தான்: "எங்க புக்குல ஒரு வரிதான் இருக்கு தாத்தா. வந்தவாசிப் போர் 1760, சர் அயர் கூட், கவுண்ட் லாலி. ஒரு மார்க்." எனக்கும் ஒரு வரிதான் இருந்தது என்றேன், வேறு மொழியில்.

வேன் ஓட்டுநர் "இதுதாங்க கோட்டை" என்று நிறுத்திய இடத்தில் கோட்டை தெரியவில்லை. வீடுகள், முள்செடிகள், அகழியாக இருந்த பள்ளம். கொஞ்சம் நடந்து போனால் மதில் துண்டுகள், கருங்கல் அடுக்குகள். அதன்மேல் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பேரன் முகம் சுருங்கிவிட்டது. "செஞ்சி மாதிரி இருக்கும்னு நினைச்சேன்." பாரீஸ் பையன் மட்டும் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று சுற்றிலும் பார்த்தான். அவன்தான் சரியாகக் கேட்டான்: "எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வந்தான்?"

நிழலில் போர்வையை விரித்தோம். சாப்பாட்டுப் பாத்திரங்களை வைத்தே காட்டினேன். பெரிய தூக்குச்சட்டி மலை. தயிர்சாதப் பாத்திரம் கோட்டை. புளியோதரை லாலியின் பாளையம். தண்ணீர்ப் பாட்டில் ஓர் ஏரிக்கரை.

கதையை முன்னாலிருந்து சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. இங்கிலீஷ்காரரை இந்தியாவிலிருந்து துரத்து என்று சொல்லி பிரான்ஸ் லாலியை அனுப்பியது. 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் இறங்கினார். ஜூன் தொடக்கத்திலேயே கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டு, 1759 பிப்ரவரியில் இங்கிலீஷ் கப்பல்கள் வந்து சேரவும் பின்வாங்கினார். செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பற்படை கடலில் ஒரு சண்டை போட்டுவிட்டுத் திரும்பிப் போனது, பிறகு வரவே இல்லை. நவம்பர் கடைசியில் கர்னல் கூட் வந்தவாசிக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்துக்கொண்டார். அதை மீட்கத்தான் லாலி 1760 ஜனவரியில் இங்கே வந்து முற்றுகை போட்டார். முற்றுகையை உடைக்க கூட் வந்தார்.

ஜனவரி 22. இரண்டு பக்கமும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஐரோப்பியர்கள், அவர்களோடு நம் நாட்டுச் சிப்பாய்கள். லாலியிடம் கூலிக்கு வந்த மராத்தியக் குதிரைப்படையும் உண்டு. ஒரு வேடிக்கை பாருங்கள்: கூட் அயர்லாந்துக்காரர். லாலி பிரான்சில் பிறந்தவர் என்றாலும் அவர் தகப்பனார் அயர்லாந்திலிருந்து போனவர். இரண்டு அயர்லாந்து ரத்தங்கள் தொண்டை மண்டலத்து ஏரிக்கரையில் பிரான்சுக்காகவும் இங்கிலாந்துக்காகவும் மோதிக்கொண்டன. கூட்டுக்கு முப்பத்து மூன்று வயது. லாலிக்கு ஐம்பத்தெட்டு. நமக்கெல்லாம் ஓய்வு கொடுத்த வயது.

கூட் மலையை ஒட்டியே வந்து, கோட்டையிலிருக்கும் தன் ஆட்களின் பீரங்கிக்கு எட்டும் தூரத்தில் அணிவகுத்தார். லாலி ஐரோப்பியக் குதிரைப்படையைத் தானே நடத்திக்கொண்டு பாய்ந்தார். பீரங்கிச் சூட்டில் அது கலைந்தது. அடுத்து லொரேன் ரெஜிமெண்ட் துப்பாக்கி முனைக் கத்தியோடு ஓடி, கூட்டின் அணியைப் பிளந்து உள்ளே போயிற்று. உள்ளே போனவர்கள் இரு புறமும் வளைக்கப்பட்டுச் சிதறினார்கள். பிரெஞ்சு அணியின் இடது ஓரத்தில் ஓர் ஏரிக்கரையை அரணாக்கி பீரங்கி வைத்திருந்தார்கள். அங்கே வெடிமருந்து வண்டியில் ஒரு குண்டு விழுந்தது. வண்டி வெடித்தது. ஒரே நொடியில் எண்பது பேர் வரை விழுந்தார்கள், மற்றவர்கள் பாளையத்துக்கு ஓடினார்கள். அந்த இடத்தை மீட்கப் போன புஸ்ஸியின் குதிரை சுடப்பட்டது. தரையில் நின்று போராடிய அவரைச் சிறைபிடித்தார்கள். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிட்டது.

பாட்டிலைப் பேரன் கீழே தள்ளி வெடிச்சத்தம் எழுப்பினான். போர்வையெல்லாம் தண்ணீர். மருமகள் அதட்டினாள்.

அப்போதுதான் பாரீஸ் பையன் கேட்டான்: "சரி தாத்தா, நாம் எந்தப் பக்கம்?"

மகன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. இந்தக் கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு பழைய கணக்கு தீராமல் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், அவனுக்கு வேறொன்றைச் சொன்னேன்.

நான் முப்பத்தைந்து ஆண்டுகள் அரசாங்கத்தில் எழுத்தராக இருந்தவன். பெரும்பகுதி சம்பளப் பட்டியல் போடும் வேலை. எந்தச் சரித்திரத்தைப் படித்தாலும் என் கண் சம்பளத்தைத்தான் தேடும். வந்தவாசியை அப்படிப் படித்தால், போர் ஜனவரியில் தோற்கவில்லை. அதற்கு முந்தைய அக்டோபரிலேயே தோற்றுவிட்டது.

1759 அக்டோபரில் லாலியின் பிரெஞ்சுச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். பல மாதச் சம்பளம் பாக்கி. தங்களுக்குள் ஒரு சார்ஜெண்டைத் தலைவராக வைத்துக்கொண்டு பாளையத்தைவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார்கள். கெஞ்சி, கொஞ்சம் பணம் கொடுத்து, மீதிக்கு வாக்குக் கொடுத்துத்தான் திரும்ப அழைக்க முடிந்தது. புதுச்சேரி கஜானா காலி. லாலி இறங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். பணம் தேடித்தான் 1758இல் பழைய கடன் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர்மேல் படையெடுத்தார். போகும் வழியில் கீழ்வேளூர் கோயிலைத் தோண்டிப் பார்த்தார். ஒற்றர்கள் என்று சொல்லி அங்கிருந்த பிராமணர்கள் சிலரைப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார். சுமை தூக்க ஆள் இல்லையென்று, சாதி வழக்கம் எதையும் பார்க்காமல் அகப்பட்டவரையெல்லாம் இழுத்து வந்து தூக்க வைத்தார். கலகத்துக்குப் பிறகும் பணம் வசூலிக்கவே படையில் ஒரு பகுதியை ஸ்ரீரங்கம் பக்கம் அனுப்பினார். அந்த இடைவெளியில்தான் கூட் வந்தவாசிக் கோட்டையைப் பிடித்தார்.

போர் நாளன்று முன்னேறச் சொன்னபோது லாலியின் சிப்பாய்கள், அதாவது நம் ஊர் ஆட்கள், நகரவில்லை. மராத்தியக் குதிரைகளும் தள்ளியே நின்றன. கோழைகள் என்று அந்தக் காலத்து நூல்கள் எழுதும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூட்டின் பக்கத்திலும் சிப்பாய்கள் ஓரத்திலேதான் நிறுத்தப்பட்டிருந்தார்கள். இரு பக்கமும் நம்மவர்கள், இரு பக்கமும் வேடிக்கை பார்த்தார்கள். செத்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள்.

"ஆகையால் நாம் இரண்டு பக்கமும் இருந்தோம். சம்பளம் எங்கே ஒழுங்காக வந்ததோ, அங்கே" என்றேன்.

பையன் யோசித்தான். "என் கொள்ளுத்தாத்தாவும் அப்படியா?"

அவன் அம்மா என்னைப் பார்த்தாள். அவள் கேட்காததும் நான் சொல்லாததும் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

என் பெரியப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து இந்தோசீனாவில் இருந்தவர். என் அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். 1954 நவம்பர் முதல் தேதி புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் இந்தியாவானது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஆறு மாதம் எத்தனை வீடுகளில் அண்ணன் தம்பிகளைப் பிரித்தது என்பது இதைப் படிக்கும் உங்களுக்கும் தெரியும். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா எழுதவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, சரியாக இந்தப் பையன் வயது. எங்கள் வீட்டுத் திண்ணையில் நின்றுகொண்டு அப்பா தன் அண்ணனைப் பார்த்துச் சொன்ன சொல் ஒன்றுதான்: "துரோகி."

பெரியப்பா பதில் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. பெரியப்பா குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனார். அங்கேயே காலமானார். தந்தி வந்தபோது அப்பா பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

இதையெல்லாம் அவளிடம் அன்றுதான் சொன்னேன், தமிழில், பையனுக்குப் புரியாதபடி. "தெரியும் சித்தப்பா. அந்த வார்த்தை தெரியாது. ஆனா ஏதோ ஒண்ணு நடந்திருக்குன்னு தெரியும். தாத்தா பாண்டிச்சேரின்னா எழுந்து வெளியே போயிடுவார்" என்றாள்.

லாலிக்கு என்ன ஆயிற்று என்பதை அப்போது பிள்ளைகளுக்குச் சொன்னேன். வந்தவாசிக்குப் பிறகு ஒவ்வொரு கோட்டையாகப் போயிற்று. புதுச்சேரி முற்றுகையில் பட்டினி கிடந்து 1761 ஜனவரி நடுவில் சரணடைந்தது. துய்ப்ளெக்ஸின் துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாட்கள் முன்புதான் கண்ணை மூடினார். அந்தக் காட்சியைப் பார்க்கவில்லை. கடலூர்க் கோட்டையை லாலி இடித்ததற்குப் பதிலாக இங்கிலீஷ்காரர் நம் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்த பிறகு மறுபடி கட்டியதுதான் இன்று சுற்றுலாக்காரர்கள் படமெடுக்கும் வெள்ளை நகரம். வந்தவாசி நடக்காவிட்டால் அந்த வீதிகள் இன்று பார்க்கும் உருவத்தில் இருந்திருக்காது.

லாலியைக் கைதியாக லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். பாரீஸில் தன்மேல் பழி சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு தானாகவே பாரீஸுக்குப் போனார், என் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறேன் என்று. பஸ்தீய் சிறையில் அடைத்தார்கள். ராஜ நலனுக்குத் துரோகம் செய்தார் என்று தீர்ப்பு. 1766 மே 9ஆம் தேதி, பேசிவிடக்கூடாது என்று வாயை அடைத்து, பொது இடத்தில் தலையை வெட்டினார்கள்.

கொடுமையான மனிதர்தான். கீழ்வேளூரை நான் மறக்கவில்லை. ஆனால் துரோகி இல்லை. பணம் அனுப்பாதவர்கள், கப்பலைத் திருப்பிக்கொண்டு போனவர்கள், புதுச்சேரியில் உட்கார்ந்து கணக்கை மறைத்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு தலை தேவைப்பட்டது. வொல்த்தேர் வயதான காலத்தில் அவருக்காக எழுதினார். லாலியின் மகன் விடாமல் போராடினார். 1778 மே மாதம் அந்தத் தீர்ப்பு ரத்தானது. சாகக் கிடந்த வொல்த்தேர் செய்தி கேட்டு மகிழ்ந்து மகனுக்கு நாலு வரி எழுதிவிட்டு, சில நாட்களில் காலமானார். தலை போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு அரசாங்கத்துக்கே அந்த ஒரு சொல்லைத் திருப்பி எடுக்கப் பன்னிரண்டு ஆண்டு பிடித்தது. எங்கள் வீட்டில் அறுபது ஆண்டுகளாக எடுக்கவே இல்லை. சொன்னவரும் இல்லை, கேட்டவரும் இல்லை. பெரியப்பா இருபது வருடம் உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்தவர். அந்தப் பென்ஷனை நம்பி ஐந்து பிள்ளைகள். இன்று நான் மாதம் முதல் தேதி பென்ஷனுக்கு வங்கியில் நிற்கிறேன். பென்ஷன் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குப் பென்ஷன் கிடையாது. அவருக்கு நாடுதான் இருந்தது. இருவரும் தவறு செய்யவில்லை. அந்தச் சொல்தான் தவறு.

அவளிடம் அதைத்தான் சொன்னேன். "அப்பா சார்பா நான் அந்த வார்த்தையை எடுத்துக்கறேம்மா" என்றேன். அவள் தூக்குச்சட்டிகளை அடுக்கிக்கொண்டே தலையாட்டினாள். என் மனைவி மட்டும், "இத்தனை வருஷம் கழிச்சு, ஆடு மேயற இடத்துல வந்துதான் சொல்லணுமா?" என்றாள். வேறு எங்கே சொல்வது?

திரும்பும் வழியில் தென்னாங்கூர் பாண்டுரங்கனைப் பார்த்தோம். பெண்கள் அங்கே நிறைய நேரம் நின்றார்கள். பையன்கள் இருவரும் வெளியே, யார் கூட், யார் லாலி என்று சண்டை. மொழி ஒரு தடையாக இல்லை.

வந்தவாசிக் கடைத்தெருவில் வேனை நிறுத்தி இரண்டு பாய் வாங்கினேன். விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்டேன், அம்மா மாதிரி. கடைக்காரர் தரவில்லை. ஒன்று எனக்கு. மற்றொன்றைச் சுருட்டி, துணி சுற்றி, விமானத்தில் எடுத்துப் போகும்படி கட்டித் தரச் சொன்னேன்.

போன வாரம் அங்கிருந்து ஒரு படம் வந்தது. அவர்கள் வீட்டுக் கூடத்தில், சூடாக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பாய் விரித்திருக்கிறது. பையன் அதில் குப்புறப் படுத்துப் புத்தகம் படிக்கிறான். பக்கத்தில் பாதி தின்ற ஆப்பிள். கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தான், எங்கோ தேடிப் பிடித்த தமிழ் எழுத்தில்: "தாத்தா, வந்தவாசி."

வாந்தவாஷி என்று எழுதவில்லை. எனக்கு அது போதும்.